கிண்டியின் கதவு – 5: பேராசிரியர் மகளும் 369 மதிப்பெண்ணும்

போன வாரம் பொறியியல் கல்லூரியைக் கிண்டியில் குடியேற்றிவிட்டு நிறுத்தினோம். அது 1920. கோட்டைக்குப் பக்கத்தில் 1794இல் எட்டுப் பையன்களோடு தொடங்கிய சர்வே பள்ளி, அடையாற்றுக்குத் தெற்கே செங்கல் நிறக் கட்டடமும் பரந்த வளாகமுமாக வளர்ந்திருந்தது. 1930இல் மின்பொறியியல் வந்து சேர்ந்தது. இந்த வாரக் கதைக்கு அது ஒன்று போதும். நேராக 1940க்கு வந்துவிடலாம். பள்ளி பிறந்து 146 ஆண்டுகள் கழித்து, அந்த ஆண்டில்தான் ஒரு பெண் மாணவியாக உள்ளே வந்தார்.

இதே ஊரில் மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. மேரி ஷார்லீப் உட்பட நான்கு பேர். முத்துலட்சுமி 1912இல் பட்டத்தோடு வெளியே வந்தார். கிண்டி மட்டும் ஏன் அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது? ஜல்லி, சுண்ணாம்பு, கடப்பாரை என்றால் பெண்ணுக்குச் சரிவராது என்ற பழைய பேச்சு ஒரு பக்கம். அதைவிட முக்கியமான காரணம் வேறு என்று நினைக்கிறேன். ஆண் வைத்தியரை உள்ளே விடாத வீடுகள் இருந்தன. அந்த வீட்டுப் பெண்கள் பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்க வெள்ளைக்காரத் துரைசானிக்கும் வாய் இருந்தது, உள்ளூர்ப் பெரிய மனிதருக்கும் வாய் இருந்தது. திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி எழுந்தது. கோஷா பாலம் என்று ஒன்று யாருக்கும் தேவைப்படவில்லை. பெண் பொறியாளர் வேண்டுமென்று எந்த நோயாளியும் வந்து நிற்கவில்லை.

அதோடு, கிண்டி மராமத்து இலாகாவுக்கு ஆள் தயார் செய்த இடம். படிப்பை முடித்தவர் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையிலும் அணைக்கட்டிலும் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். ஓவர்சியரையும் காண்டிராக்டரையும் கூலியாட்களையும் மேய்க்க வேண்டும். அந்த வேலைக்குப் பெண்ணை எடுக்க மாட்டார்கள் என்பதால் படிப்புக்கும் எடுக்கவில்லை. படிக்கவில்லை என்பதால் வேலைக்கும் எடுக்கவில்லை. பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று தனியாக ஒரு விதி எழுத வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

இந்தச் சுற்றை அறுத்தது ஒரு குடும்பத்தின் துக்கம்.

அய்யலசோமயாஜுல லலிதா 1919 ஆகஸ்ட் 27இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் ஐந்தாவது. பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் கையில் நான்கு மாதக் குழந்தை, கணவர் இறந்துவிட்டார். 1937இல் ஒரு விதவைக்கு அந்தச் சமூகம் என்ன வாழ்க்கை வைத்திருந்தது என்பதை இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வீட்டில் அப்படி நடக்கவில்லை. லலிதா தன் காலில் நிற்கிற படிப்பு வேண்டும் என்றார், வீட்டார் ஒத்துக்கொண்டார்கள். ராணி மேரி கல்லூரியில் இண்டர்மீடியட்டை முதல் வகுப்பில் முடித்தார்.

அடுத்து என்ன? மருத்துவத்துக்குப் போயிருக்கலாம், பாதை போட்டிருந்தது. ஆனால் நடு ராத்திரியில் யாராவது வந்து கதவைத் தட்டினால் குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும். அதனால் அது வேண்டாம் என்று முடிவு செய்தார். காலையில் போய் மாலையில் திரும்புகிற வேலைதான் கைக்குழந்தைக்காரிக்குச் சரி. தகப்பனாரும் சகோதரர்களும் பொறியாளர்கள், வீட்டில் புழங்கிய பேச்சே அதுதான். முதல் பெண் பொறியாளர் என்றால் ஏதோ இரும்புக் கனவோடு கிளம்பியவர் என்று எண்ணத் தோன்றும். இவர் கணக்குப் போட்டுத்தான் வந்தார், குழந்தை தூங்குகிற நேரத்தையும் சேர்த்து.

தகப்பனார் பப்பு சுப்பாராவ் கிண்டியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். அவர் முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார். பொதுக்கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டாதம் இசைவு தந்தார். 1940இல் லலிதா மின்பொறியியல் வகுப்பில் உட்கார்ந்தார். நூற்றுக்கணக்கான ஆண்கள் நடுவே ஒரே பெண்.

வகுப்பில் யாரும் தொல்லை தரவில்லை என்றுதான் அவர் பிற்பாடு வீட்டாரிடம் நினைவுகூர்ந்திருக்கிறார். சிரமம் விடுதியில் இருந்தது. மாணவர்களுக்காகவே கட்டிய வளாகத்தில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாத ஒரு தனிப் பெண். குழந்தையை உறவினர் பார்த்துக்கொண்டார்கள், வாரக் கடைசியில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மகள் தனிமையில் வாடுவதைக் கண்ட தகப்பனார், கிண்டியில் பெண்களும் சேரலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கச் செய்தார். அடுத்த ஆண்டே கேரளப் பக்கத்திலிருந்து இருவர் வந்தார்கள்: பி. கே. த்ரேசியா, லீலாம்மா ஜார்ஜ். இருவரும் சிவில்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1940 வரை பெண்கள் விண்ணப்பிக்கவே இல்லை, அதனால் சேர்க்கவில்லை என்று கல்லூரி சொல்லியிருந்தால் அது பொய்யாகாது. ஒரு விளம்பரம் வந்ததும் ஓராண்டுக்குள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள், அதுவும் அடுத்த சமஸ்தானங்களிலிருந்து. படிக்க ஆசைப்பட்ட பெண்கள் அதற்கு முன்பும் இருந்திருப்பார்கள். தங்களுக்கும் அங்கே இடமுண்டு என்று ஒருவரும் அவர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போர்க்காலம் என்பதால் படிப்பைச் சில மாதம் சுருக்கினார்கள். ஓராண்டு முன்னால் சேர்ந்த லலிதாவும் பின்னால் வந்த இருவரும் ஒன்றாகவே பட்டம் பெற்றார்கள். சான்றிதழை ஆண்களுக்கென்றே அச்சடித்து வைத்திருந்தார்கள். ‘அவன்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு ‘அவள்’ என்று மேலே எழுதிக் கொடுத்தார்கள். லலிதாவைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இதைச் சொல்வார்கள், நானும் சொல்லிவிட்டேன்.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பீகாரில் ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஓராண்டுப் பயிற்சி. சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளர் வேலை. நடுவில் கொஞ்ச காலம் சென்னையில் தகப்பனாரின் ஆராய்ச்சிகளுக்கு ஒத்தாசை. அவர் புகையில்லா அடுப்பும் செய்வார், ஜெலக்ட்ரோமோனியம் என்று மின்சாரத்தில் பாடும் வாத்தியமும் செய்வார். 1948இல் கல்கத்தா, அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி. மின்கடத்துப் பாதைகளை வரைவதும் துணைமின் நிலையங்களுக்கான வடிவமைப்பும் அவர் மேஜைக்கு வந்தன. பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் வேலையிலும் அவர் பங்கு உண்டு. சைட்டுக்குப் போகிற வேலையை ஏற்கவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு, அதுவும் விதவையாக, ஊர் ஊராகப் போய்த் தங்குவது அன்று நடக்கிற காரியமில்லை. மேஜையிலேயே இருந்தார். 1964இல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்குப் போனார். நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பு பிறந்திருந்தால் கணவரோடு தன்னையும் சிதையில் ஏற்றியிருப்பார்கள் என்று அங்கே சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

த்ரேசியாவின் பாதை நேர் எதிர். கொச்சி சமஸ்தானத்தில் மராமத்துப் பணியில் சேர்ந்து, சாலை, பாலம் என்று களத்திலேயே வளர்ந்து, 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். தாரில் ரப்பர் கலந்து சாலை போட்டுப் பார்த்தவர். பெண்ணால் கூலியாட்களை மேய்க்க முடியுமா என்ற கேள்விக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

லலிதாவின் கதையைத் துணிச்சலின் கதையாகச் சொல்வது வழக்கம். துணிச்சல் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கதவைத் தட்டிய கை உள்ளே சம்பளம் வாங்குகிற ஒருவருடையது. முதல்வரை நேரில் பார்த்துப் பேச முடிந்தது, முதல்வர் இயக்குநருக்கு எழுத முடிந்தது. சைதாப்பேட்டையில் ஒரு மளிகைக் கடைக்காரரின் மகள் அதே மதிப்பெண்ணோடு அதே 1940இல் வந்திருந்தால்? இசைவு ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. பெண்களுக்கான விதியாக அது மாறவில்லை. இந்த வேறுபாடு பத்தாண்டு கழித்து ஒரு கோர்ட்டுக் காகிதத்தில் எதிர்பாராமல் வெளியே வருகிறது.

அதற்கு முன் அந்தக் கதவில் தொங்கிய இன்னொரு பூட்டைப் பார்த்துவிட வேண்டும்.

பொதுப்பணிகள் குறித்த கமிஷன் முன்பு 1913 வாக்கில் சென்னை நிர்வாகத்தின் அலெக்ஸாண்டர் கார்டியூ ஒரு கணக்கைச் சொன்னார். இருபது ஆண்டுகளில் உதவிப் பொறியாளராக வந்தவர்களில் 17 பேர் பிராமணர், 4 பேர் பிராமணரல்லாத இந்துக்கள். 1916இல் பிட்டி. தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கையில் இந்த எண்களும் இடம்பெற்றன. மக்கள் தொகையில் பிராமணர் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பேர். நீதிக்கட்சி ஆட்சியில் வகுப்புவாரி அரசாணை பிறந்தது. எஸ். முத்தையா முதலியார் 1928இல் அதைப் பிடித்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அப்போது 12 இடங்களுக்கு ஒரு சுற்று: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முஸ்லிம், ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர் ஆகியோருக்கு இரண்டிரண்டு, தாழ்த்தப்பட்டோருக்கு 1. ஓமந்தூரார் ஆட்சியில் 1947இல் அது 14 ஆனது: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, ஹரிஜனர் 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் 1, முஸ்லிம்கள் 1. பிற்பட்டோருக்கென்று ஒரு தனி வரி வந்தது அப்போதுதான்.

வேலைக்குப் போட்ட விகிதம் படிப்புக்கும் ஓடியது. 1950இல் சென்னை மாநிலத்தில் அரசுப் பொறியியல் கல்லூரிகள் நான்கு, மொத்தம் 395 இடம். வெளிமாநிலத்தாருக்கு 21, அரசின் விருப்பப்படி கொடுக்க 12. மிச்சத்தை மாவட்டங்களை நான்கு தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் பதினான்கு பதினான்காக நிரப்புவார்கள். ஒரு வகுப்புக்குள் மதிப்பெண் பேசும், வகுப்பைத் தாண்டிப் பேசாது. ஆறு, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று. சாவி போட்ட பொம்மை மாதிரி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டு ஜனவரியில் அரசமைப்புச் சட்டம் வந்துவிட்டது. மார்ச்சில் இண்டர்மீடியட் எழுதிய சி. ஆர். சீனிவாசன் என்ற மாணவர் கணக்கு, பௌதிகம், ரசாயனத்தில் 450க்கு 369 எடுத்துவிட்டுக் கிண்டிக்கு விண்ணப்பித்தார். மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் தனக்கு இடம் உண்டு, பிராமணருக்கான இரண்டில்தான் போட்டியிட வேண்டும் என்றால் இல்லை என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஜூன் மாதம் செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி மருத்துவக் கல்லூரி பற்றி இதே கேள்வியோடு போயிருந்தார். ஜூலை 27இல் உயர் நீதிமன்றம் இருவர் பக்கமும் தீர்ப்பளித்தது. அரசு டில்லிக்கு ஓடியது. 1951 ஏப்ரல் 9இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் அரசாணை செல்லாது என்றார்கள்.

வரலாறு இந்த வழக்குக்குச் செண்பகத்தின் பெயரை வைத்தது. செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு உண்மையில் விண்ணப்பம் போட்டதாகத் தெரியவில்லை என்று உச்ச நீதிமன்றமே குறித்திருக்கிறது. விண்ணப்பம் போட்டு, மதிப்பெண் பட்டியலோடு நின்றவர் பொறியியல் மாணவர். அவர் பெயர் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

சீனிவாசனுக்காக வாதாடியவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அரசமைப்பின் வரைவுக் குழுவில் அம்பேத்கரோடு உட்கார்ந்திருந்தவர். எழுதிய கையே வந்து இதற்கு இதுதான் பொருள் என்று சொல்கிறபோது எதிர்த் தரப்புக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். நீதிமன்றம் எடுத்த வழி நேரானது. அரசு நடத்தும் கல்விக்கூடத்தில் சாதியை மட்டும் காரணம் காட்டி யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது 29(2). வேலைக்குப் பிற்பட்டோருக்கு இடம் ஒதுக்கலாம் என்று 16(4) இருக்கிறது. படிப்புக்கு அப்படி ஒரு வரி இல்லை. ஆக, வேலையில் இருக்கிற பிற்பட்டோர் பங்கு அந்த வேலைக்குத் தகுதி தருகிற படிப்பில் இல்லை என்று ஆகிவிட்டது. இன்ஜினீயர் உத்தியோகத்தில் இடம் வைக்கலாம், இன்ஜினீயரிங் படிப்பில் வைக்கக் கூடாது. இதன் வினோதம் அன்றே பலருக்கு உறைத்தது.

என் பங்குக்கு இரண்டு தரப்பையும் சொல்லிவிடுகிறேன். 14இல் 2 என்பது நூற்றுக்குப் பதினான்கு. நூற்றுக்கு மூன்றாக இருந்தவர்களுக்கு அது குறைந்த பங்கு என்று யாரும் சொல்ல முடியாது. அதே சமயம் 369 எடுத்துவிட்டு வாசலில் நின்ற பதினேழு பதினெட்டு வயதுப் பையனிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் அவன் மனம் ஆறாது. எல்லோருக்கும் பெட்டி போட்டு, எல்லாப் பெட்டிக்கும் மூடி போட்ட ஆணை அது. ஹரிஜனருக்கு இரண்டுக்கு மேல் இல்லை, முஸ்லிமுக்கு ஒன்றுக்கு மேல் இல்லை, எவ்வளவு எடுத்திருந்தாலும் சரி. கீழே இருந்தவர்களைத் தூக்கிவிட வந்த ஏற்பாடு அவர்களுக்கும் உச்சவரம்பு கட்டிவைத்தது. திறந்த போட்டி, அதற்கு மேல் ஒதுக்கீடு என்று இன்று நாம் அறிந்த முறை அன்று இல்லை.

இப்போது நான் முன்பே சொன்ன காகிதத்துக்கு வருகிறேன். தீர்ப்பு, மாணவர் சேர்க்கை முறையை விவரிக்கிற இடத்தில் மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி ஒன்று சொல்கிறது: மாநில மாணவர்களுக்கான இடங்களில் குறைந்தது நூற்றுக்கு இருபது பெண்களுக்கு. பொறியியல் கல்லூரிகள் பற்றிய பகுதியில் பெண் என்ற சொல்லே இல்லை. அதே அரசு, அதே ஆண்டு, அதே ஆணை. ஒரு படிப்பில் ஐந்தில் ஒரு பங்கு, இன்னொன்றில் பேச்சே இல்லை. லலிதாவும் த்ரேசியாவும் லீலாம்மாவும் கிண்டியில் பட்டம் வாங்கிப் போய் ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்று பேர் படித்துப் போன தடம் கோட்டையில் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. ஒரு பேராசிரியரின் மகளுக்குச் செய்த ஏற்பாடாகவே அது நின்றுவிட்டது. சாதியை எண்ணிப் பார்க்கத் தெரிந்த குமாஸ்தாவுக்கு, பொறியியல் மேஜையில் பெண்ணை எண்ணத் தோன்றவில்லை. பெண்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய 15(3) முதல் நாளிலிருந்தே சட்டத்தில் இருந்தது, அதற்கு எந்தத் திருத்தமும் தேவைப்பட்டிருக்காது.

சாதிக்குத் தேவைப்பட்டது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாளிலிருந்தே பெரியார் தெருவில் இறங்கியிருந்தார். ஊர்வலம், கடையடைப்பு, மாநாடு என்று தமிழ்நாடு கொதித்தது. காங்கிரசுக்குள் காமராஜர் நிலைமையை டில்லிக்கு உணர்த்தினார். 1951 மே மாதம் நேரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார், அம்பேத்கர் சட்ட அமைச்சராக அதற்கு வாதாடினார். சமூகத்திலும் கல்வியிலும் பிற்பட்டவர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் சிறப்பு ஏற்பாடு செய்வதை 29(2) தடுக்காது என்று 15(4) எழுதப்பட்டது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்து பதினேழு மாதம்கூட ஆகவில்லை. முதல் திருத்தத்தில் ஒரு பகுதி, ஒரு மாநிலத்தின் மருத்துவ, பொறியியல் இடங்களுக்காகப் பிறந்தது. பதினான்கின் சுற்று முடிந்தது. அதன் இடத்தில் என்ன வந்தது, திறந்த போட்டி எப்படி உள்ளே புகுந்தது, நேர்முகத் தேர்வு என்ற பெயரில் வேறொரு பூட்டு எப்படித் தொங்கியது என்பதெல்லாம் அடுத்த வாரம்.

திருத்தம் சட்டமானது 1951 ஜூன் 18. கல்கத்தாவில் லலிதா மின்கடத்துப் பாதை வரைபடங்களின் மேல் குனிந்திருந்த காலம் அது. அவர் மகளுக்குப் பதினான்கு வயது இருக்கும். அந்த வயதில் தாய்க்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

(தொடரும்)